சாலை வளைவும் உடற்சாய்வும்



மோட்டார் சைக்கிள் ஓட்ட உரிமம் பெற்றவர் எவரும் 'எட்டுப் போடுதல்' என்னும் சோதனையை மறந்திருக்க மாட்டார். அதிகாரி ஒருவர் குறிப்பேடும் கையுமாக நிற்க, காலைத் தரையில் ஊன்றாமல், எட்டு என்னும் எண்ணின் வடிவில் வண்டியைச் சுற்றிக் கொண்டு வர வேண்டும். திருநெல்வேலியிலும் அதுவே வழக்கம். நம்மிற் செம்பூர்வாசிகள் செல்லும் வடாலா அலுவலகத்திலும் அதுவே வழக்கம். காலூன்றாமல் வந்து சேர்ந்தோம்; உரிமம் கைக்கு வந்தது; அன்றோடு எட்டை மறந்தோம். ஆயினும் இரு சக்கர வண்டியை ஆளும் வித்தையின் பெரும் பகுதி அந்த எட்டிலேதான் அடங்கியிருக்கிறது. எட்டு என்பது யாது? வலப்பக்கம் ஒரு வளைவு, இடப்பக்கம் ஒரு வளைவு, இவ்விரண்டிற்கும் நடுவே உடலின் பாரம் ஒரு பக்கத்தினின்று மறுபக்கத்திற்கு மாறும் ஒரு கணம். அந்த வளைவைப் பற்றியும், அவ்வளைவில் நம் உடல் இருக்க வேண்டிய நிலையைப் பற்றியும் இன்று சிறிது பேசுவோம்.

இதனை வானொலியில் எடுத்துப் பேச வேண்டிய அவசியம் என்ன என்று சிலர் கேட்கலாம். மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். தாராவியில் விடியுமுன்னே இட்லி அவித்துப் பாத்திரங்களைச் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் கட்டிக்கொண்டு புறப்படுகிறவர். மாதுங்காவில் உணவுப் பொட்டலங்களை வீடு வீடாகச் சேர்க்கும் இளைஞர். செம்பூரிலிருந்து நாள்தோறும் அலுவலகம் சென்று மீளும் குமாஸ்தா. இவர்கள் அனைவருக்கும் பிழைப்பு இரண்டு சக்கரங்களின் மேல்தான் ஓடுகிறது. ஊரில் இருப்பவன் விழுந்தால் தூக்கிவிட அண்ணன் தம்பி உண்டு. மாமனும் மச்சானும் மருத்துவமனை வாசலில் வந்து நிற்பர். பிழைக்க வந்த இடத்தில் விழுந்தவனுக்கு அந்த ஆதரவு எளிதில் வாய்ப்பதில்லை. கை ஒடிந்து ஒரு மாதம் படுத்தால் அறை வாடகை பாக்கி விழும். ஊருக்குச் செல்லும் பணமும் நின்றுபோகும். பெங்களூரிலும், ஐதராபாத்திலும், தில்லியிலும், சூரத்திலும் இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் தமிழருக்கும் இதே நிலைதான். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்றும், அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டிகளிற் சென்றவர்கள் என்றும் மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டிருக்கிறது.

நாமும் ஒருமுறை விழுந்தோம். மும்பைக்கு வந்து மூன்றாம் ஆண்டு. ஆடி மாதத்து மழை இரவு. தாராவியிலிருந்து சயான் வழியாகக் கிங்ஸ் சர்க்கிள் நோக்கி வந்துகொண்டிருந்தோம். ஒரு திருப்பத்தில், செல்ல வேண்டியதைக் காட்டிலும் சற்று விரைவாகவே நுழைந்துவிட்டோம். பாதித் திருப்பத்தில் நாய் ஒன்று குறுக்கிட்டது. கண் நாயின் மேல் பதிந்தது, தோள் விறைத்தது, கை தானாகவே முன்சக்கரப் பிரேக்கை இறுகப் பற்றியது. பாதசாரிகளுக்காகத் தீட்டியிருந்த வெள்ளைக் கோட்டின் மேல் அச்சமயம் சக்கரம் இருந்தது. அடுத்த கணம் வண்டி ஒரு பக்கமும் நாம் ஒரு பக்கமுமாகக் கிடந்தோம். நாய் தப்பியது, நமது மணிக்கட்டு தப்பவில்லை.

தாராவியிற் பட்டறை வைத்திருந்த தென்காசிப் பக்கத்து முதியவர் ஒருவர் வண்டியைப் பழுது பார்த்தார். அவரிடம் நாயைக் குறை கூறினோம். மழையையும் குறை கூறினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, நாயும் மழையும் இருக்கட்டும். திருப்பத்துல உன் கண்ணு எங்கே இருந்தது?" என்றார். "நாயைத்தான் பார்த்தேன், அண்ணாச்சி" என்றோம். "அதான், வண்டியும் நாயைப் பார்த்தே போயிருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தை நமக்குப் பல நூல்கள் படித்த பயனைத் தந்தது. பின்னர்ப் படித்தறிந்தவை யாவும் அவர் கூறியதற்கு விளக்கமாகவே அமைந்தன.

முதலில், வண்டி ஏன் சாய வேண்டும் என்பதைக் காண்போம். ஓடும் பொருள் எதுவும் நேர்கோட்டிலேயே ஓட முயலும் என்பது நியூட்டன் வகுத்த விதி. பேருந்து விரைந்து திரும்புகையில் நாம் வெளிப்புறம் சரிவது இதனாலேதான். மோட்டார் சைக்கிள் திரும்பும்போது, டயரும் சாலையும் தொடுமிடத்தில் உராய்வு விசை சக்கரத்தை வளைவின் உட்பக்கம் தள்ளுகிறது. மேலே உள்ள பாரமோ நேரே செல்லப் பார்க்கிறது. வண்டி நிமிர்ந்தே நின்றால் வெளிப்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். அதனை ஈடுசெய்யவே வண்டியும் ஓட்டுபவரும் உட்பக்கம் சாய வேண்டியிருக்கிறது.

எவ்வளவு சாய வேண்டும்? அதனைக் கணக்கிட்டே கூறலாம். 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு திருப்பத்தை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அதனைக் கடக்க ஏறக்குறைய 14 பாகை சாய்ந்தாற் போதும். 36 கிலோமீட்டரில் 27 பாகை சாய வேண்டும். 54 கிலோமீட்டரிலோ 49 பாகை. வண்டி கனமானதா, இலேசானதா என்பது இக்கணக்கில் இடம்பெறுவதேயில்லை. வேகமும், வளைவின் இறுக்கமுமே இதனைத் தீர்மானிக்கின்றன. வேகம் இரு மடங்கானால், சாலையினின்று டயர் பெற வேண்டிய பிடிப்பு நான்கு மடங்காகிறது. 36 கிலோமீட்டரில் நம் எடையிற் பாதியளவு பிடிப்பு வேண்டும். உலர்ந்த நல்ல தார்ச்சாலை அதனைத் தந்துவிடும். மழையும் எண்ணெயும் மணலும் கலந்த சாலை தராமற் போகலாம். 54 கிலோமீட்டரில் வேண்டிய பிடிப்போ நம் எடையையே விஞ்சிவிடுகிறது. அதனை நமது அன்றாட வண்டியின் டயரிடம் எதிர்பார்ப்பது பேதைமை.

அடுத்து, கைப்பிடியின் செய்தி. வண்டி உருளத் தொடங்கி ஓரளவு வேகம் பெற்ற பின்னர், வலப்பக்கம் திரும்ப விரும்புகிறவர் வலப்பக்கக் கைப்பிடியை மெல்ல முன்னோக்கித் தள்ள வேண்டும். கேட்பதற்கு இது முரணாகத் தோன்றும். அவ்வாறு தள்ளும்போது முன்சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் செல்கிறது. சக்கரம் அடியிலிருந்து விலகவே, மேலுள்ள பாரம் வலப்பக்கம் சாய்கிறது. சாய்ந்ததும் வண்டி வலப்பக்கமே திரும்புகிறது. சைக்கிள் பழகிய சிறுவனும் தன்னையறியாமல் இதனைச் செய்கிறான். அறிந்து செய்தால் ஒரு நன்மை உண்டு. எதிர்பாராத இடையூறு வரும்போது, திகைத்துப் பிரேக்கைப் பற்றாமல், வேண்டிய பக்கத்துக் கைப்பிடியைத் தள்ளி விலகிச் செல்லலாம்.

இனி உடலின் நிலைக்கு வருவோம். வளைவில் உடலை வைத்துக்கொள்ளும் முறைகள் மூன்று. அவற்றை உடன்சாய்வு, உட்சாய்வு, எதிர்ச்சாய்வு என்று பெயரிட்டுக்கொள்வோம்.

உடன்சாய்வு என்பது வண்டி சாயும் அளவே உடலும் சாய்ந்து, முதுகெலும்பும் வண்டியின் நடுக்கோடும் ஒரே கோட்டில் அமைவது. அன்றாடச் சாலைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு திருப்பங்களுக்கு இதுவே போதும். மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் தோட்டத்தைச் சுற்றி வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டம் நம் வலக்கைப் பக்கம் இருக்கும். நீண்ட வலப்பக்க வளைவு. முழங்கால்கள் இரண்டும் பெட்ரோல் டாங்கியை இலேசாகத் தழுவியிருக்க, முழங்கைகள் மடங்கித் தளர்ந்திருக்க, உடல் வண்டியோடு ஒன்றிச் சாய்ந்து வந்தால் வண்டி தானே வட்டமிடும். ஸ்கூட்டரில் முழங்காலால் தழுவ டாங்கி இல்லை. ஆகவே பாதங்களைத் தளத்தில் நன்கு பதித்து, இடுப்பை அசையாது வைத்துக்கொள்ள வேண்டும்.

எதிர்ச்சாய்வு என்பது வண்டியை உட்பக்கம் சாயவிட்டு, உடலை நிமிர்த்தியோ வெளிப்பக்கம் சற்றுச் சாய்த்தோ சமன் செய்வது. மிக மெதுவாக, மிக இறுக்கமாகத் திரும்பும் இடங்களுக்கு இது உரியது. தாராவியின் சந்துகளில் கைவண்டிக்கும் சுவருக்கும் நடுவே வண்டியைத் திருப்பி வந்த வழியே மீளும்போது இதுவே கைகொடுக்கும். எட்டுப் போடும்போது நாம் கையாண்டதும் இதனையே. வேகமான வளைவில் இதனைச் செய்தால் வண்டி தேவைக்கு மேல் சாய்ந்து, கால்தாங்கி தரையில் உரசும்.

உட்சாய்வு என்பது வண்டி சாய்வதினும் சற்று அதிகமாக உடலை உட்பக்கம் கொண்டு செல்வது. முன்னே கூறிய 27 பாகை என்பது வண்டியும் மனிதனும் சேர்ந்த மொத்தப் பாரத்தின் சாய்வு என்பதை நினைவிற் கொள்க. மனிதன் அதிகம் சாய்ந்தால் வண்டி குறைவாகச் சாய்ந்தாற் போதும். வண்டி நிமிர்ந்திருந்தால் டயரின் நடுப்பகுதி சாலையில் படியும், கால்தாங்கி உரசாது. ஈரச் சாலையில் இஃது ஓரளவு நன்மை தரும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. உடலைச் சாய்ப்பதால் வண்டியின் சாய்வு குறைகிறதேயன்றி, டயருக்கு வேண்டிய மொத்தப் பிடிப்பு குறைவதில்லை. உடலைச் சாய்த்துவிட்டால் எவ்வேகத்திலும் செல்லலாம் என்று எண்ணுவது பெரும் பிழை.

அப்படியாயின் பந்தய வீரர்கள் இருக்கையிலிருந்து இறங்கி, முழங்கால் தரையில் உரசத் தொங்குகிறார்களே என்று இளைஞர்கள் கேட்பார்கள். அம்முறையை உலகறியச் செய்தவர்களுள் ஒருவர் அமெரிக்க வீரர் கென்னி ராபர்ட்ஸ். 1978, 1979, 1980 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் 500 சி.சி. உலகப் பட்டத்தை வென்றவர் அவர். நம் நாட்டிலும் இக்கலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்துப் பழைய விமானத் தளத்திலே பல்லாண்டு பந்தயங்களை நடத்தியது. பின்னர் 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் 12 வளைவுகள் கொண்ட நிலையான பந்தயத் தடம் திறக்கப்பெற்றது. சென்னையைச் சேர்ந்த சரத்குமார் 2011-இல் 125 சி.சி. உலகப் போட்டியிலே கலந்துகொண்டார்.

பந்தய வீரர் உட்சாய்வின் எல்லையைத் தொடுகிறார். வெளிப்பக்கத் தொடையை டாங்கியில் அழுத்தி, இருக்கையின் பாதியை விட்டு உட்பக்கம் நகர்ந்து, பாதத்தின் முன்பகுதியைக் கால்தாங்கியில் ஊன்றி, மார்பைத் தாழ்த்தி, தலையை வளைவின் உட்புறம் கொண்டு செல்கிறார். நீட்டிய முழங்கால், வண்டி எவ்வளவு சாய்ந்துள்ளது என்பதை அளக்கும் கோலாகப் பயன்படுகிறது. ஆனால் அவர் செல்லும் தடத்தில் எதிரே பேருந்து வாராது, நாய் வாராது, மணல் கொட்டிக் கிடவாது. ஒரே வளைவை நூறு முறை சுற்றி அறிந்தவர் அவர். தாராவித் தோல் தொழிலாளர் நன்கறிந்த தடித்த தோலால் உடல் முழுதும் போர்த்தியிருக்கிறார். விழுந்தால் வழுக்கிச் செல்லப் பரந்த வெளியும், ஓடி வர மருத்துவரும் அங்குண்டு. இவற்றுள் ஒன்றேனும் கிழக்கு விரைவுச்சாலையில் உண்டா? மேம்பாலத்தின் வளைவில் முழங்காலை நீட்டும் இளைஞன் பந்தய வீரனின் தோற்றத்தை மட்டுமே கடன் வாங்குகிறான்.

மேம்பால வளைவு எத்தகையது என்பதற்கு மும்பையே சான்று. மாதுங்காவிலிருந்து கோட்டைப் பகுதிக்குச் செல்லும் வழியில், முகமது அலி சாலையின் மேலே ஜே. ஜே. மேம்பாலம் நெளிந்து செல்வதைப் பலரும் அறிவீர்கள். 2002-இல் திறக்கப்பெற்ற அப்பாலத்தின் வளைவுகளில் இரு சக்கர வண்டியோட்டிகள் பலர் உயிரிழந்தனர். அதன்பின் 2010-இல் போக்குவரத்துக் காவல்துறை இரு சக்கர வண்டிகள் அப்பாலத்தின் மேல் செல்வதையே தடை செய்தது. நெரிசல் மிகுந்த கீழ்ச்சாலையிலிருந்து வெறிச்சோடிய பாலத்தின் மேல் ஏறியதும் கை தானே வேகத்தைக் கூட்டுகிறது. கூட்டிய வேகத்தோடு வளைவு எதிர்ப்படுகிறது. வளைவின் வெளிப்பக்கத்தில் இருப்பதோ தாழ்ந்த சுவர். எந்த மேம்பாலத்திலும் வளைவுக்கு முன்னர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

அங்ஙனமாயின் நாம் செய்ய வேண்டுவது யாது? வேகத்தை வளைவிற்கு முன்னரே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே, இரு பிரேக்குகளாலும் குறைத்துவிட வேண்டும். கியரையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக்கை இறுகப் பற்றினால் வண்டி நிமிர்ந்து வெளிப்பக்கம் ஓடும், அல்லது சக்கரம் வழுக்கும். நுழையுமுன் முகத்தைத் திருப்பி, கண்ணை வளைவு முடியும் இடத்திற் செலுத்த வேண்டும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்திலே விழுவோம். பள்ளத்தின் பக்கத்துப் பாதையைப் பார்த்தால் அதன் வழியே செல்வோம். கைகள் கைப்பிடியைப் பறவைக் குஞ்சைப் பிடிப்பதுபோற் பிடித்திருக்கட்டும். உடலின் பாரத்தைத் தொடைகளும் பாதங்களும் தாங்கட்டும். வளைவின் நடுவே ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மூடாமல் ஒரே சீராக வைத்திருந்து, சாலை நேராவது கண்ணிற்பட்டதும் மெல்லத் திறக்க வேண்டும்.

நம்மவர் பெரும்பாலும் தனியே செல்வதில்லை. பின்னிருக்கையில் மனைவியோ, தந்தையோ, நண்பரோ இருப்பர். பின்னிருப்பவரின் உடலும் வண்டியை ஓட்டுகிறது என்பதைப் பலர் உணர்வதில்லை. வண்டி வலப்பக்கம் சாய்கையில் அச்சத்தால் அவர் இடப்பக்கம் சாய்ந்தால், ஓட்டுபவரின் கணக்கு முழுதும் தவறிவிடும். வளைவின் உட்பக்கத்துத் தோளின் மேலாகப் பாதையைப் பாருங்கள் என்று புறப்படும்போதே அவருக்குச் சொல்லிவிடுங்கள். அவர் உடல் தானே சரியான அளவு சாயும். புடவை உடுத்திய பெண்டிர் இரு கால்களையும் இடப்பக்கம் தொங்கவிட்டு ஒருபக்கமாக அமர்வது நம் வழக்கம். அந்நிலையில் பாரம் இடப்பக்கம் ஒதுங்குகிறது. வளைவில் பற்றிக்கொள்ள வலுவான பிடியும் இல்லை. இருபக்கமும் காலிட்டு அமர்வதே நன்று. இயலாதபோது, வேகத்தைக் குறைப்பது ஓட்டுபவரின் கடமை. பின்னிருப்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம் என்பதை மும்பைக் காவல்துறை 2022 ஜூன் முதல் வற்புறுத்தி வருகிறது. உயரமாகக் கட்டிய பொதியும் அசையாத பயணியே. பின்புறத்துப் பாரம் முன்சக்கரத்தை இலேசாக்கித் திருப்பத்திற் பிடிப்பைக் குறைக்கும். பொதியைத் தாழ்த்தி, இறுக்கிக் கட்டுக.

மழைக்காலத்திற்கு ஒரு தனிச் சொல். முதல் மழை விழுந்த சில நிமிடங்களே மிகவும் ஆபத்தானவை. கோடையெல்லாம் சாலையிற் படிந்த எண்ணெய் அப்போது மேலெழுந்து மிதக்கும். வெள்ளைக் கோடுகள், சாக்கடை மூடிகள், தோண்டிய பள்ளத்தின் மேலிட்ட இரும்புத் தகடுகள், சிமென்ட் கற்கள் ஆகியவற்றின் மேல் வண்டி நிமிர்ந்தே செல்ல வேண்டும்; அவற்றைக் கடந்தபின் சாய்க. காந்தி மார்க்கெட் அருகே தேங்கும் நீரின் அடியில் என்ன இருக்கிறது என்று எவரும் அறியார். அங்கே சாய்வதற்கே இடமில்லை.

விடுமுறை நாட்களிற் கண்டாலா மலைப்பாதைக்கோ, ஊருக்குச் சென்றபோது 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்கோ செல்லும் இளைஞர்க்கு மற்றொன்று கூற வேண்டும். நாம் சாலையின் இடப்பக்கம் செல்கிறவர்கள். வலப்பக்க வளைவில் சாயும்போது, சக்கரம் நடுக்கோட்டிற்கு இப்பால் இருந்தாலும், தலையும் தோளும் கோட்டிற்கு அப்பால் நீண்டிருக்கும். எதிரே வரும் பேருந்து நம் சக்கரத்தைத் தொடாமலே தலையைத் தாக்க இயலும். ஆகவே வலப்பக்க வளைவில் நடுக்கோட்டை விட்டு நன்கு ஒதுங்கிச் செல்க. வளைவின் முடிவு கண்ணுக்குத் தெரியாதவரை, கண்ணுக்குத் தெரியும் தூரத்திற்குள் நிறுத்தக்கூடிய வேகத்திலேயே செல்க.

இவை யாவும் கேட்டு அறிவதால் மட்டும் உடலில் ஏறுவன அல்ல. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், ஆளில்லாத திடலொன்றில், இரண்டு செங்கற்களை வைத்து அவற்றைச் சுற்றி மீண்டும் எட்டுப் போட்டுப் பாருங்கள். முதலில் மெதுவாக, உடலை நிமிர்த்தி. பின்னர் சற்று அகன்ற வட்டத்தில், உடலை வண்டியோடு சாய்த்து. ஒவ்வொரு முறையும் செங்கல்லைப் பாராமல், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். அரைமணி நேரப் பயிற்சியில் தோளின் விறைப்புக் குறைவதை நீங்களே உணர்வீர்கள்.

விழுந்தெழுந்த பின்னர் நாமும் அவ்வாறே பழகினோம். அந்தத் தென்காசிப் பெரியவர் ஒருநாள் பட்டறை வாசலில் நின்று நம் எட்டைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் தம்பி வண்டி ஓட்டுற, அன்னிக்கு வண்டி மேல உட்கார்ந்து வந்தே" என்றார். வேகத்தை முன்னே குறைத்து, கண்ணை வழியில் வைத்து, உடலை வண்டியோடு ஒப்படைப்பவருக்கு வளைவு அச்சம் தருவதில்லை. மாலையிற் கதவு தட்டும் ஓசைக்காகக் காத்திருப்போர் உங்கள் வீட்டிலும் உண்டு, ஊரிலிருந்து தொலைபேசியில் "சாப்பிட்டாயா?" என்று கேட்பவரும் உண்டு. அவர்களை நினைத்து அடுத்த திருப்பத்திற்கு முன்னரே வேகத்தைக் குறையுங்கள்.